வளையலைக் காப்பாற்றிய நுரை!

மேட்டில் ஏறினால் இழுவை இல்லை. காலையில் ஸ்டார்ட் செய்தால் திணறல். ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் காய்கறி ஏற்றும் பழைய டீசல் பிக்கப் அது. 'பம்ப்பை இறக்கணும், செலவாகும்' என்றது பட்டறை. மனைவியின் வளையலை அடகு வைக்கக் கிளம்பிவிட்டார் டிரைவர்.

"இருங்க மாமா, டேங்க்ல இருந்து பார்த்துட்டு வருவோம்" என்றான் ஐ.டி.ஐ படிக்கும் அக்கா மகன். ஃபில்டரை மாற்றினான், சரியாகவில்லை. ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்திக் கைப்பம்ப்பை அடித்தான். நுரை நிற்கவேயில்லை. டேங்க் லைனைக் கழற்றிவிட்டு, கேனிலிருந்து நேராக டீசல் கொடுத்தான். நுரை நின்றது!

டேங்கிலிருந்து வரும் ரப்பர் ஹோஸில், கிளாம்ப்புக்கு அடியில் மயிரிழை வெடிப்பு. உறிஞ்சும் பக்கம் என்பதால் டீசல் வெளியே சொட்டாது. காற்றைத்தான் உள்ளே இழுக்கும். ஒரு முழம் ஹோஸோடு வேலை முடிந்தது.

பம்ப்பில் கை வைக்கும் முன், ஹோஸைப் பாருங்கள்!