ரத்தம் தர மாட்டோம்

வேங்கைவயல். 2022 டிசம்பர் கடைசியில், புதுக்கோட்டை மாவட்டத்து அந்தச் சிற்றூரில் பட்டியலின மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரியவந்தது. வழக்கு சிபிசிஐடிக்குப் போனது. அடுத்த ஏப்ரலில் டிஎன்ஏ பரிசோதனைக்கு ரத்தம் கேட்டபோது எட்டுப் பேர் வர மறுத்தார்கள். அந்தத் தண்ணீரைக் குடித்ததே நாங்கள்தான், எங்களையே குற்றவாளியாக்கப் பார்க்கிறார்கள் என்பது அவர்கள் பக்கத்து நியாயம். விவகாரம் நீதிமன்றம் ஏறி, கடைசியில் அவர்களும் கொடுத்தார்கள். மொத்தம் முப்பது பேருக்கு மேல் மாதிரி எடுத்தார்கள். எதுவும் பொருந்தவில்லை.

2025 ஜனவரியில் குற்றப்பத்திரிகை வந்தது. அதே ஊரைச் சேர்ந்த மூன்று பேர் மீது. கைகொடுத்தது ரத்தம் அல்ல, கைப்பேசிகளிலிருந்து எடுத்தவை என்றது அரசுத் தரப்பு. ஊரார் அதை ஏற்கவில்லை. தீர்ப்பு எப்படி வந்தாலும், ரத்தம் தர மறுத்ததைக் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் நம்மிடம் இருக்கிறதே, அதுதான் உறுத்துகிறது. மடியில் கனமில்லை என்றால் வழியில் என்ன பயம் என்பார்கள். மடியில் கனமே இல்லாதவனுக்கும் வழியில் நிற்கிற ஆளைப் பார்த்தால் பயம் வரும்.

*

தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி குற்றம் சாட்டப்பட்டவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது. அரசியல் சாசனம், 20(3). வாயைத் திறக்க வைக்கக் கூடாது, சரி. விரலை?

1961இல் காத்தி காலு வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகள் உட்கார்ந்து சொன்னார்கள்: கைரேகையும் கையெழுத்தும் ஒப்பிட்டுப் பார்க்கத்தான், அவற்றைக் கொடுப்பது சாட்சி சொல்வதாகாது. 2010இல் செல்வி வழக்கில் உண்மை கண்டறியும் சோதனையையும், மருந்து கொடுத்துப் பேசவைக்கும் நார்கோ சோதனையையும் சம்மதமில்லாமல் செய்யக் கூடாது என்றார்கள். 2019இல் ரித்தேஷ் சின்ஹா வழக்கில், குரல் மாதிரி தரச் சொல்லி மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம் என்றார்கள். மனசில் இருப்பதைப் பிடுங்கக் கூடாது, உடம்பில் இருப்பதை எடுத்துக்கொள்ளலாம். கோடு அங்கே விழுந்திருக்கிறது.

காகிதத்தில் தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் 1961இன் பெருவிரல் ரேகை அந்த ஒரு ஆளைத்தான் காட்டும். இன்றைய ஒரு துளி ரத்தம் அண்ணன் தம்பியையும் காட்டிவிடும், அப்பா யார் என்றும் சொல்லிவிடும். பங்காளிகளும் மாமன் மச்சான்களும் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருக்கும் ஊரில் ஒருவன் கையை நீட்டினால், பாதித் தெரு கையை நீட்டின மாதிரிதான்.

*

இரவு வாகனச் சோதனை. 'ஊதுங்க சார்.' ஊதுகிறார். கருவி ஏற்கவில்லை. 'உள்ள இழுக்காதீங்க, வெளிய ஊதுங்க.' கன்னம் உப்புகிறது, காற்று வரவில்லை. பின்னால் உட்கார்ந்திருக்கும் நண்பர் 'அவனுக்கு வீசிங் சார்' என்கிறார். மறுப்பதிலேயே இதுதான் நாசூக்கான வகை.

பலன் இல்லை. குடித்திருக்கிறார் என்று சந்தேகிக்கக் காரணம் இருந்தால், ஊத மறுப்பவரை வாரன்ட் இல்லாமலே கைது செய்ய மோட்டார் வாகனச் சட்டம் இடம் கொடுக்கிறது. உள்நோயாளியாக ஆஸ்பத்திரியில் படுத்திருந்தால் மட்டும் முடியாது. தகுந்த காரணமில்லாமல் மறுத்தால், அந்த மறுப்பையே அரசுத் தரப்புக்கு வலுச்சேர்க்கும் சூழ்நிலையாக நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம் என்கிறது 205ஆம் பிரிவு. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹால் என்ற வரம்பைத் தாண்டினாரா என்பதெல்லாம் அப்புறம்.

*

கைதானவரை டாக்டர் சோதிக்க, தேவையான அளவு பலத்தைப் பயன்படுத்தலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 53ஆம் பிரிவு, அதன் இடத்தில் வந்த பிஎன்எஸ்எஸ்ஸில் இப்போது 51. ரத்தம், சளி, வியர்வை, முடி, நகத் துணுக்கு எல்லாம் அதில் அடக்கம். தேவையான அளவு எவ்வளவு? நாலு பேர் கையைப் பிடித்துக்கொள்வதா, தோளில் ஒரு தட்டா? சட்டம் அளவு சொல்லவில்லை. பெண்ணாக இருந்தால் பெண் டாக்டர், அல்லது அவர் மேற்பார்வை. அது மட்டும் எழுதியிருக்கிறது.

*

போலீஸ் கேஸ் அல்ல, ஆனாலும் குறித்துவைக்க வேண்டும். என்.டி.திவாரி. முன்னாள் முதல்வர், முன்னாள் ஆளுநர். இவர்தான் என் தந்தை என்று ஒருவர் தொடுத்த வழக்கில் ரத்தம் தர மாட்டேன் என்று வருடக்கணக்கில் நின்றார். தேவைப்பட்டால் போலீஸ் உதவியோடு எடுக்கலாம் என்றது டெல்லி உயர் நீதிமன்றம். 2012 மே மாதம் டேராடூன் வீட்டுக்கே போய் எடுத்தார்கள். மறுப்பதற்கும் வக்கீல் செலவு இருக்கிறது. எல்லோராலும் அவ்வளவு நாள் மறுக்க முடியாது.

*

கைதானவர்களிடம் கைரேகை, ரத்தம் போன்றவற்றை எடுக்க இடம் தரும் 2022ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு சின்ன ஜன்னல் உண்டு. ஏழு ஆண்டுக்குக் குறைவான தண்டனைக்குரிய குற்றம், பெண்கள் குழந்தைகளுக்கு எதிரானதும் அல்ல என்றால், கைதானவர் உயிரியல் மாதிரி தர வேண்டிய கட்டாயமில்லை. ரத்தத்தை மறுக்கலாம், கைரேகையை அல்ல. ஸ்டேஷனில் இதை யாராவது எடுத்துச் சொல்வார்களா என்று ஒரு வக்கீல் நண்பரிடம் கேட்டேன். சிரித்தார். அந்த ஜன்னலுக்கு வெளியே இருப்பவர் மறுத்தால், அரசு ஊழியரின் கடமையைத் தடுத்ததாகத் தனி வழக்கு.

எடுத்த பதிவுகள் 75 ஆண்டு இருக்கும். இருபது வயதுப் பையன் கொடுத்தால் அவனுக்குத் தொண்ணூற்றைந்து ஆகும்வரை. முன்பு தண்டனை பெறாதவர் விடுதலையானால் அழித்துவிட வேண்டும், நீதிமன்றம் காரணம் எழுதி வேறு மாதிரி உத்தரவிட்டாலொழிய. அழித்தார்களா என்று அவர் எந்த கவுன்டரில் போய்க் கேட்பார்?