மாதச் செலவுக் கட்டம்

குடும்ப நீதிமன்றத்தில் வக்கீல் இல்லாமலே வழக்கு நடத்தலாம். 1984ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13ஆம் பிரிவுப்படி, அங்கே வக்கீல் வைத்துக்கொள்வது உரிமையே அல்ல. நீதிமன்றம் அனுமதித்தால்தான் உண்டு. ஆனால் ஜீவனாம்சம் கேட்டுப் போகிறவர் பேசுவதற்கு முன்னால் எழுதிக் கொடுக்க வேண்டும். 2020 நவம்பர் 4 அன்று ரஜ்னேஷ் – நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதற்கென ஒரு பிரமாணப் பத்திரப் படிவம் வகுத்தது. வரவு, செலவு, சொத்து, கடன் எல்லாவற்றையும் இரு தரப்பும் அதில் சொல்லியாக வேண்டும். சென்னை கிண்டி தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் பெண்களோடு உட்கார்ந்து அதை நிரப்புவது சட்டத் தன்னார்வலரான என் வேலை.

படிவத்தில் எனக்கு முக்கியமான இடம் மாதச் செலவுக் கட்டம். வாடகை, கரண்டு பில், பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸ் எல்லாம் மளமளவென்று வரும். "உனக்கு எவ்வளவும்மா?" என்றால், "எனக்கென்னக்கா செலவு?" என்பார்கள். அங்கேதான் பேனாவை மூடி வைப்பேன். "காலைல எழுந்ததுலேர்ந்து சொல்லும்மா." ஷேர் ஆட்டோ, ஷிப்டு நடுவே டீ, தைராய்டு மாத்திரை, நாப்கின், போன் ரீசார்ஜ், மாற்றாமல் தள்ளிப்போட்ட கண்ணாடி. ஒவ்வொன்றாக எழுதிக் கூட்டிக் காட்டும்போது, அந்தத் தொகையை அவர்களே நம்ப மாட்டார்கள். அதற்காக இல்லாததைச் சேர்த்து எழுதவும் விடமாட்டேன். சத்தியம் செய்து கொடுக்கும் பத்திரம். பொய் சொன்னால் அதற்கே தனி நடவடிக்கை வரும்.

அடகில் இருக்கும் சங்கிலியைப் பலர் விட்டுவிடுவார்கள், கையில் இல்லையே என்று. நகை சொத்துப் பகுதியில் வரவேண்டும், அடகுக் கடன் கடன் பகுதியில். ரசீது நகலும் கூடவே.

கணவரின் வருமானம் பற்றிய பகுதியில் "தெரியாதுக்கா" என்றுதான் ஆரம்பிப்பார்கள். ஓ.டி. எத்தனை நாள், வண்டித் தவணை எவ்வளவு, சம்பளம் எந்த பேங்கில் ஏறும் என்று கேட்டால் பாதிப் பக்கம் நிறைந்துவிடும்.

எல்லா நீதிமன்றங்களும் இந்தப் படிவத்தை வற்புறுத்துவதில்லை என்று 2023இல் உச்ச நீதிமன்றமே வருத்தப்பட்டது. எதிர்த்தரப்புக்கு நான்கு வாரம்தான் அவகாசம் என்பது 2020 தீர்ப்பிலேயே இருக்கிறது. அதனால் கிண்டியில் மெட்ரோ ஏறி, குடும்ப நீதிமன்றத்துக்காக ஹைகோர்ட் ஸ்டேஷனில் இறங்கப் போகிறவரிடம், பத்திரத்தின் ஜெராக்ஸோடு ஒரு கேள்வியையும் கொடுத்தனுப்புவேன்: "வாய்தா தள்ளிப் போறதுக்கு முன்னாடி எழுந்து கேளு. 'அவரு பத்திரம் வந்துடுச்சாங்கம்மா?'"