உயரமா, நீளமா?

ஒரு குடும்பத்தின் உள்நிலவரத்தை அறிந்துகொள்ள வேண்டுமானால், அந்தக் குடும்பம் கார் வாங்கும் சமயத்தில் கூட இருந்து பார்க்க வேண்டும். கல்யாணத்தில்கூட அவ்வளவு தெரியாது. கல்யாணத்தில் அபிப்பிராய பேதங்களை மேளச் சத்தத்திலும் பந்தி அவசரத்திலும் மறைத்துவிடலாம். கார் விஷயத்தில் அது நடக்காது. யாருடைய சொல் எடுபடுகிறது, யாருடைய சௌகரியம் முதலில் நினைவுக்கு வருகிறது, யாரை யாரும் கேட்பதே இல்லை என்பதெல்லாம் பத்து நாளில் வெட்டவெளிச்சமாகிவிடும்.

எங்கள் வீட்டில் அந்தப் பத்து நாள் இரண்டு மாதமாக நீண்டது. வீடு இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டதுதான் காரணம். ஒன்று உயரக் கட்சி. மற்றது நீளக் கட்சி. உயரக் கட்சிக்கு என் மகன் தலைவன். எஸ்.யூ.வி. என்று மூன்றெழுத்தில் சொல்கிறார்களே, சக்கரங்கள் பெரிதாக, முகம் செங்குத்தாக, யாரிடமோ கோபித்துக்கொண்டு நிற்பது போல ஒரு வண்டி, அதுதான் வேண்டும் என்பது அவன் கட்சி. நீளக் கட்சிக்குத் தலைவனும் தொண்டனும் நான் ஒருவனே. கூரை கடைசி வரை ஒரே மட்டமாகப் போய், பின்னால் பெரிய கதவு ஒன்று திறந்து, சாமான்களை உள்ளே தள்ளிவிடக்கூடிய தாழ்வான, நீளமான வண்டி எனக்கு வேண்டும். அமெரிக்காவில் ஸ்டேஷன் வேகன் என்பார்கள். இங்கிலாந்தில் எஸ்டேட் என்பார்கள். ரயில் ஸ்டேஷனில் இறங்கிய பிரயாணிகளையும் அவர்களுடைய பெட்டி படுக்கைகளையும் ஓட்டலுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த வண்டிகளின் வழியாக வந்த பெயர் அது. கோபக்கார முகத்தைவிடப் பெட்டி படுக்கைக்கு இடம் கொடுக்கும் வண்டியிடம் எனக்கு மரியாதை ஜாஸ்தி.

"வேகன் ஒன்று வேண்டும்" என்று தெரிந்த தரகர் ஒருவரிடம் சொல்லி வைத்தேன். மறுநாள் காலையிலேயே ஒரு வேகன் ஆர் வாசலில் வந்து நின்றது. நல்ல வண்டிதான். ஆனால் நீளத்துக்குப் பதில் உயரத்தை நம்பிய வண்டி. "நான் கேட்டது இது இல்லையே?" என்றேன். "வேகன் என்று பின்னால் எழுதியே இருக்கிறதே, சார்!" என்றார் அவர். எழுத்தை வைத்துப் பிழைக்கிறவன், எழுதியிருப்பதை எப்படி மறுப்பது? காபி கொடுத்து அனுப்பி வைத்தேன்.

உண்மையில், அவர் மேல் குற்றம் சொல்ல முடியாது. இந்த வகை வண்டி நம் தேசத்தில் பிறக்காமல் இல்லை. பிறந்தது, வளரவில்லை. அம்பாஸடரிலேயே எஸ்டேட் இருந்தது. 1992-ல் டாடா எஸ்டேட் வந்தது. 2004-ல் இண்டிகோ மரீனா வந்தது. ஜனங்கள் பார்த்தார்கள், பின்புறத்தைப் பார்த்து ஆம்புலன்ஸ் மாதிரி இருக்கிறது என்றார்கள், நடையைக் கட்டினார்கள். டிக்கி தனியாகத் துருத்திக்கொண்டிருந்தால்தான் அந்தஸ்து என்று நினைத்த காலம் அது. நடுத்தரக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகும் விலையில் புதிய ஸ்டேஷன் வேகன் ஒன்று இன்று இங்கே கிடைப்பதில்லை.

ஆனால் ஜனங்களின் ரசனை மட்டும் இதைச் செய்துவிடவில்லை. சர்க்காரின் கஜக்கோலுக்கும் இதில் பங்கு உண்டு. 2006-ம் வருஷத்து பட்ஜெட்டில் நிதி மந்திரி ப. சிதம்பரம் சிறிய கார்களுக்கு உற்பத்தி வரியை 24 சதவிகிதத்திலிருந்து 16 ஆகக் குறைத்தார். சிறிய கார் என்றால் என்ன? நீளம் நாலு மீட்டருக்கு மேல் போகக் கூடாது. என்ஜின் பெட்ரோலானால் 1200 சி.சி.க்குள்ளும், டீசலானால் 1500-க்குள்ளும் இருக்க வேண்டும். இந்த இலக்கணத்தில் உயரத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அப்புறம் கேட்பானேன்? குறுகின மனையை வாங்கியவன் மாடி மேல் மாடி கட்டுவது போல, கம்பெனிக்காரர்கள் நாலு மீட்டருக்குள் நின்றுகொண்டு வண்டியை மேலே எழுப்ப ஆரம்பித்தார்கள். அந்த அளவுகோல் இன்றும் போகவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் அமலுக்கு வந்த ஜி.எஸ்.டி. விகிதப்படி, சிறிய காருக்கு 18 சதவிகிதம். அந்த வரம்பைத் தாண்டிய பெட்ரோல், டீசல் கார்களுக்கு 40.

அமெரிக்காவிலும் இதே கதைதான், வேறு வேஷத்தில். அங்கே 1975-ல் பெட்ரோல் சிக்கனத்துக்காக ஒரு சட்டம் செய்தார்கள். கார்களுக்கு ஒரு விதி, சிறிய லாரிகளுக்குத் தனி விதி என்று ஆயிற்று. லாரிக்கு உள்ள விதி சற்றுத் தயவு தாட்சண்யம் உள்ளது. ஸ்டேஷன் வேகன் காராகக் கணக்கிடப்பட்டது. உயரமான வண்டிகளில் பெரும்பாலானவை லாரிக் கணக்கில் போயின. வேகன் மெல்ல மெல்ல மறைந்தது. உயர வண்டி தெருவை நிரப்பியது. நம் மனசு விரும்பித் தேர்ந்தெடுத்தது என்று நாம் பெருமைப்படுவதில் பாதியை யாரோ ஒரு குமாஸ்தா முன்கூட்டியே அளந்து வைத்துவிடுகிறார்.

அசல் வேகன் இல்லாதபடியால், அதன் வாரிசு என்று சொல்லத்தக்க நீளமான ஏழு பேர் வண்டியை நான் பிடித்துக்கொண்டேன். எர்டிகா அந்த ஜாதி: நீளம் 4435 மில்லிமீட்டர். உயரக் கட்சியில் ஓர் உதாரணம் நெக்ஸான்: 3995 மில்லிமீட்டர். வித்தியாசம் 44 சென்டிமீட்டர், ஒரு முழத்துக்கும் குறைவு. நீள வண்டிக்கு என்ஜினும் கொஞ்சம் பெரிது. இந்த இரண்டுக்குமாக வரியில் 22 சதவிகிதம் ஏறிவிடுகிறது. முகூர்த்த நாளில் மல்லிகைப்பூகூட முழம் இந்த விலைக்கு விற்றதில்லை!

"இவ்வளவு கொடுத்துத் தாழ்ந்த வண்டி வாங்கணுமா அப்பா?" என்று மகன் கேட்டான். அவன் வாதம் அர்த்தமில்லாதது அல்ல. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோது அவனுக்குப் பதினாலு வயது. எங்கள் தெருவில் கார்கள் கண்ணாடி வரை தண்ணீரில் நின்றதை மாடியிலிருந்து பார்த்தவன். அப்படிப் பார்த்த பிள்ளைக்கு உயரத்தின் மேல் ஆசை வந்தால் அதை ஜம்பம் என்று தள்ளிவிட முடியாது.

ஆனால் வெள்ளம் உயரத்துக்கு மரியாதை கொடுப்பது ஓரளவுக்குத்தான். என்ஜின் காற்றை உறிஞ்சும் வாய்க்குள் தண்ணீர் புகுந்தால் எந்த வண்டியும் போயிற்று. காற்றை அமுக்கலாம்; தண்ணீரை அமுக்க முடியாது; பிஸ்டனைத் தாங்கும் தண்டு வளைந்துவிடும். ஓடுகிற வெள்ளம் ஓர் அடி இருந்தால் பெரும்பாலான கார்களை அடித்துக்கொண்டு போகும் என்றும், இரண்டு அடி இருந்தால் எஸ்.யூ.வி.யையும் கொண்டுபோய்விடும் என்றும் அமெரிக்க வானிலை இலாகா எச்சரிக்கிறது. உயரம் வாங்கித் தருவது அந்த ஓர் அடி. அதோடு அசட்டுத் துணிச்சல் கொஞ்சம் இலவசம். 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்தவுடன் வேளச்சேரிக்காரர்கள் என்ன செய்தார்கள்? காரைக் கொண்டுபோய் மேம்பாலத்தில் நிறுத்திவிட்டார்கள். மேம்பாலம் ஏறுவதற்கு நீள வண்டிக்கும் தெரியும்.

இன்னொன்று, ஸ்திரம். தஞ்சாவூர்ப் பொம்மையை எப்படித் தள்ளினாலும் எழுந்து உட்கார்ந்துகொள்கிறதே, ஏன்? கனமெல்லாம் அடியில் இருக்கிறது. வண்டிக்கும் அதே நியாயம். இரண்டு சக்கரங்களுக்கு இடையே உள்ள அகலம் எவ்வளவு, வண்டியின் கனம் எந்த உயரத்தில் இருக்கிறது என்ற கணக்கைப் பொறுத்தே திடீரென்று திருப்பும்போது கவிழ்வதும் கவிழாததும். சறுக்கலை அடக்கும் மின்னணு ஏற்பாடுகள் வந்த பிறகு அபாயம் குறைந்திருக்கிறது என்பது உண்மைதான். பொம்மைக்கு அந்த ஏற்பாடெல்லாம் தேவையில்லாமலே இருக்கிறது என்பதும் உண்மைதான்.

வண்டிக்கு உள்ளே இருப்பவரைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். எதிரே நிற்பவர் என்று ஒருவர் உண்டு. அமெரிக்காவில் இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் நடத்தும் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிலையம் 2023-ல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டது. வண்டியின் முன்பக்கம் 40 அங்குலத்துக்கு மேல் உயர்ந்திருந்தால், 30 அங்குலத்துக்குள் சரிவாக அமைந்த வண்டியைவிட, மோதப்பட்ட பாதசாரி இறந்துபோகும் வாய்ப்பு சுமார் 45 சதவிகிதம் அதிகம் என்று கண்டார்கள். எங்கள் தெருவில் நடைபாதை என்பது பெயரளவில்தான். பள்ளிக்கூடம் விட்டால் முதுகுப் பையும் தானுமாகக் குழந்தைகள் வண்டிகளுக்கு இடையே புகுந்து வரும். 40 அங்குலம் என்பது நாலு வயதுக் குழந்தையின் உயரம். இதைச் சொன்னபோது மகன் பதில் பேசவில்லை. அவன் நல்ல பிள்ளை.

இதற்குள் நீளக் கட்சி ஜெயித்துவிட்டது என்று வாசகர்கள் முடிவு கட்டிவிட வேண்டாம். அம்மா இன்னும் வாக்களிக்கவில்லை.

அம்மாவுக்கு 82 வயது. உயரம் நாலடி பத்து அங்குலம். இரண்டு வருஷமாக எந்தக் கல்யாணத்துக்கு அழைத்தாலும், "எனக்கென்னடா அங்கே வேலை? நீங்க போயிட்டு வாங்க" என்று சொல்லிவிடுவாள். அது வைராக்கியம் அல்ல, முழங்கால் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். தெரியாதது போல இருப்பது நாங்கள் அவளுக்குச் செய்யும் மரியாதை. எங்கள் பழைய காரில் ஆசனம் ரொம்பத் தாழ்வு. உட்காருவது சுலபம், உட்காருவதென்ன, விழுவதுதான். எழுந்திருக்கும்போது உடம்பின் பாரம் முழுவதையும் முழங்கால் தூக்க வேண்டும். இரண்டு பேர் கைகொடுக்க வேண்டும். மண்டப வாசலில் நாலு பேர் பார்க்கும்படி தன்னை இரண்டு பேர் வெளியே எடுப்பது அவளுக்குப் பிடிக்கவில்லை.

ஆகவே தாழ்வான வண்டி அவளுக்கு ஆகாது. அசல் ஸ்டேஷன் வேகன் கிடைத்திருந்தாலும் ஆகியிருக்காது. உயரமான வண்டி ஆகுமா என்றால், அதற்கு முதலில் ஒரு காலைத் தூக்கி வைக்க வேண்டும். வேண்டியது இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. ஆசனம் அவள் இடுப்பு மட்டத்தில் இருக்க வேண்டும். கால் வைக்கும் தளம் வீட்டு வாசற்படி உயரத்தைத் தாண்டக் கூடாது. முதுகைக் காட்டி உட்கார்ந்து, அப்படியே திரும்பிக் காலை உள்ளே எடுத்துக்கொள்ள வேண்டும். என் மனைவி தையல் இஞ்சி டேப்பால் அளந்து பார்த்தாள்: தரையிலிருந்து 26 அங்குலம்.

அந்த டேப்பையும், அம்மாவையும், மடக்கு சக்கர நாற்காலியையும் அழைத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை புறப்பட்டோம். முதலில் உயர வண்டி. அம்மா கைப்பிடியைப் பற்றிக்கொண்டு காலைத் தூக்கினாள். பாதி தூரத்தில் இறக்கிவிட்டாள். அண்ணாந்து பார்த்துச் சிரித்தாள். "தேர் மாதிரி இருக்குடா. சாமிக்குத்தான் சரி" என்றாள்.

நாற்காலி 16 கிலோ கனம். மனைவி அதை மடக்கிப் பின்பக்கம் தூக்கிப் பார்த்தாள். மார்பு மட்டத்துக்கு மேல் போக வேண்டியிருந்தது. "இடம் நிறைய இருக்கு மேடம், இத்தனை லிட்டர்" என்று விற்பனைப் பிள்ளை கணக்குச் சொன்னான். "லிட்டர் கணக்கு பாலுக்கு, தம்பி. இதைத் தினமும் தூக்கப் போறது நான்" என்றாள் அவள்.

பிறகு நீள வண்டி. கடைசி வரிசையை மடக்கியதும் நாற்காலி தொடை உயரத்தில் உள்ளே சறுக்கிக்கொண்டு போயிற்று. அம்மா கதவருகே போனாள். முதுகைக் காட்டினாள், உட்கார்ந்தாள், திரும்பினாள், ஒவ்வொரு காலாக உள்ளே எடுத்துக்கொண்டாள். நான் கதவைச் சாத்தக் கையை நீட்டினேன். அதற்குள் அவளே சாத்திக்கொண்டுவிட்டாள்.

மகன் என்னைப் பார்த்தான். "மழை வந்தா மேம்பாலத்துக்கு யார் எடுத்துட்டுப் போறது?" என்றான்.

"நீதான்" என்றேன். தீர்மானம் நிறைவேறியது.

எல்லோரும் நீள வண்டியே வாங்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மலைத் தோட்டத்தில் குடியிருப்பவருக்கும், மண் பாதையில் ஊருக்குப் போகிறவருக்கும் உயரம் அவசியமாக இருக்கலாம். உங்கள் அம்மா ஐந்தரை அடி உயரமாக இருந்தால் கணக்கே மாறிவிடும். எப்போதோ ஒரு நாள் வரப்போகும் வெள்ளத்துக்கும் எப்போதோ ஒரு நாள் ஏறப்போகும் மலைக்குமாக வண்டி பார்க்காமல், தினம் ஏறி இறங்குகிறவரில் யாருக்கு அதிகக் கஷ்டமோ அவரை அழைத்துக்கொண்டு போய் வண்டி பாருங்கள் என்கிறேன். கையில் ஓர் இஞ்சி டேப் இருக்கட்டும்.

வண்டி வீட்டுக்கு வந்ததும், "முதலில் எங்கே போகலாம்?" என்று அம்மாவைக் கேட்டேன். ஏதாவது கோயில் பெயரைச் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் விரலை மடக்கி, இந்த இரண்டு வருஷத்தில் தான் போகாமல் விட்ட கல்யாண வீடுகளை எண்ண ஆரம்பித்தாள். மொத்தம் ஏழு. அவற்றில் மூன்று வீட்டில் இப்போது தொட்டிலும் கட்டியாகிவிட்டது.