நெல்லும் விலையும்

வன்னிக் கமக்காரனுக்கு விளைவிக்கத் தெரியாது என்று எவரும் சொல்லத் துணியார். கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டிய இரணைமடுக் குளத்தின் கீழும், வவுனிக்குளத்தின் கீழும், முத்தையன்கட்டின் கீழும் காடு வெட்டிக் கழனியாக்கியவர்கள் அவர்கள். 2009இல் எல்லாவற்றையும் இழந்து முகாம்களில் முடங்கிக் கிடந்தவர்கள், திரும்பி வந்து பற்றை மூடிய வயலை மீண்டும் வரம்பு கட்டி விதைத்தார்கள். 2021இல் இரசாயன உரத்தை அரசாங்கம் ஒரே நாளில் தடுத்து, அவ்வாண்டு முடியுமுன்னே தடையை நீக்கியபோது, இடையில் விதைத்தவன் பட்ட பாட்டை நாம் அருகிருந்து கண்டோம். அப்பொழுதும் அவன் வயலைத் தரிசாக விட்டுவிடவில்லை. ஆயின், விளைந்த நெல்லுக்கு விலை சொல்லும் உரிமை இன்றுவரை அவன் கைக்கு வரவில்லை.

காலபோக அறுவடை தையிலும் மாசியிலும் ஒருசேர வந்து குவிகிறது. முன்பு அரிவி வெட்டிச் சூடு வைத்து, நாட்கணக்கில் அடித்துத் தூற்றினார்கள். நெல் தானே உலர்ந்தது. இன்று இயந்திரம் சில மணி நேரத்தில் அறுத்து ஈர நெல்லைக் கொட்டிவிட்டுப் போகிறது. அரசாங்க விலை கிடைக்க ஈரப்பதன் நூற்றுக்குப் பதினான்குக்கு மேற்படலாகாது. காய வைக்கத் தளமில்லை. தார்ச்சாலையின் ஓரமே களம். வானம் கறுத்தால் வீட்டிலுள்ள அனைவரும் படங்கைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். எமது மாணவர் பலர் அந்நாட்களில் பள்ளிக்கு வருவதில்லை, நாம் கடிந்துகொள்வதுமில்லை. அவர்களுடைய கொப்பியும் சப்பாத்தும் அந்தச் சாலையோரத்திலேதானே காய்ந்துகொண்டிருக்கின்றன!

பாட்டன் வீட்டில் கொம்பறை இருந்தது. பேரன் வீட்டில் இருப்பது அடைவுகடைச் சீட்டு. விதைநெல், டீசல், உரம், இயந்திரக் கூலி எல்லாம் கடன். லொறி வாசலுக்கு வருகிறது. விலையை லொறியே சொல்கிறது. விற்றவன் சில மாதங்கள் கழித்துக் கடையில் அரிசி வாங்குகிறான்.

இது வன்னிக்கு மட்டும் உரிய துயரமன்று. உலகின் கொக்கோவில் பாதிக்கு மேல் விளைவிப்பவை கானாவும் ஐவரி கோஸ்டும். விலையோ இலண்டனிலும் நியூயோர்க்கிலும் தீர்மானமாகிறது. 2019இல் அவ்விரு நாடுகளும் ஒன்றுகூடி, சந்தை விலைக்கு மேல் தொன்னுக்கு 400 டொலர் தரவேண்டும் என்று கேட்டன. கேட்டது முழுவதும் கிடைத்துவிடவில்லை. எனினும், தனித்தனியே நின்றிருந்தால் கேட்கவே முடிந்திராது.

நம் நாட்டிலும் விலையைத் தாங்கிப் பிடித்த காலம் ஒன்று இருந்தது. 1970க்குப் பின் மிளகாய், வெங்காய இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது விசுவமடுவிலும் முத்தையன்கட்டிலும் மிளகாய்ச் செய்கையால் கல்வீடுகள் எழுந்தன. 1971இல் நெல் சந்தைப்படுத்தும் சபையும் அமைந்தது. அதைப் பொற்காலம் என்று பாட நாம் வரவில்லை; அதே ஆண்டுகளில் பாணுக்கு விடியமுன் வரிசையில் நின்ற ஏழைகளை நாம் மறக்கலாமா? 1977இல் கதவு திறந்ததும் மிளகாய் விலை விழுந்தது. அதற்கு ஈடாக அந்தக் கமக்காரனுக்கு என்ன கொடுக்கப்பட்டது என்பதே எமது கேள்வி.

ஊருக்கொரு உலர்தளமும் கூட்டுறவுக் களஞ்சியமும் கட்டுவது பெரிய வித்தையன்று. களஞ்சியத்தில் வைத்த நெல்லையே ஈடாகக் கொண்டு, மாசியில் கேட்கும் கடனை வங்கி ஆடி வரை பொறுக்கட்டும். லொறி அதுவரை வாசலில் நின்று பார்க்கட்டும்.