ஆயிரம் லிட்டரில் ஒன்பது

மாதிரி எடுக்கும் வேலை கயிற்றேணியில்தான் தொடங்குகிறது. சிங்கப்பூரின் மரினா சவுத் படகுத்துறையிலிருந்து எங்களை ஏற்றிவந்த சிறுபடகு, நங்கூரமிட்டிருந்த சரக்குக் கப்பலை ஒட்டி ஏறியும் இறங்கியும் ஆடிக்கொண்டிருந்தது. அலை படகைத் தூக்கும் உச்சத்தில் ஏணியைப் பிடிக்க வேண்டும். படகு தாழும்போது பிடித்தால் அடுத்த அலையில் அது எழும்பிக் காலை நசுக்கிவிடும். "கயித்த மட்டும் பாருங்க அண்ணாச்சி, கீழ பாக்காதீங்க" என்றார் எனக்கு முன்னால் ஏறிய தூத்துக்குடிக்காரர். கப்பல் கப்பலாக ஏறி, அவை வெளியேற்றும் தண்ணீரைப் பிடித்து ஆய்வகத்துக்குக் கொண்டுபோவதுதான் அவர் தொழில். வலை, குழாய்கள், நீரோட்டமானி, ஐஸ் பெட்டி எல்லாம் அவருக்குப் பின்னால் கயிற்றில் கட்டி மேலே இழுக்கப்பட்டன.

சரக்கு இல்லாத கப்பல் கடலில் நிலைகொள்ளாது. அதனால் சரக்கை இறக்கிய துறைமுகத்திலேயே கடல்நீரைத் தொட்டிகளில் நிரப்பிக்கொள்ளும். அதற்குத்தான் பேலஸ்ட் தண்ணீர் என்று பெயர். பெரிய கப்பல்களில் இது பல்லாயிரம் டன் வரும். அடுத்த துறைமுகத்தில் சரக்கு ஏற ஏறத் தண்ணீர் வெளியே போகும். தண்ணீரோடு சிப்பிக் குஞ்சுகள், பாசிகள், கிருமிகள் எல்லாம் ஒரு கடலிலிருந்து இன்னொரு கடலுக்குக் குடிபெயர்கின்றன. 1980களில் கருங்கடலுக்கு இப்படி வந்து சேர்ந்த சீப்பு ஜெல்லி நெத்திலி மீன்பிடிப்பையே முடக்கியது. 1991இல் அமெரிக்காவின் மொபைல் விரிகுடாவில், தென்னமெரிக்காவில் பரவிக்கொண்டிருந்த காலராக் கிருமி சிப்பிகளில் கண்டுபிடிக்கப்பட்டது. தென்னமெரிக்கத் துறைமுகங்களிலிருந்து வந்த கப்பல்களின் பேலஸ்ட் தண்ணீரிலும் அது இருந்தது.

இதைத் தடுக்க சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2004இல் ஓர் உடன்படிக்கை கொண்டுவந்தது. நடைமுறைக்கு வர 2017 செப்டம்பர் ஆயிற்று. முதலில், கரையிலிருந்து 200 கடல் மைலுக்கு அப்பால் ஆழ்கடலில் தண்ணீரை மாற்றிக்கொண்டாலே போதும் என்றிருந்தது. 2024 செப்டம்பர் 8 முதல் வெளியேற்றும் தண்ணீரின் தரமே அளவுகோல். ஒரு கன மீட்டரில், அதாவது ஆயிரம் லிட்டரில், 50 மைக்ரானும் அதற்கு மேலும் பெரிய உயிருள்ள உயிரிகள் பத்துக்கும் குறைவாக இருக்க வேண்டும். ஒன்பது இருந்தால் கப்பல் தேறும். பத்து இருந்தால் தேறாது.

நாங்கள் போன கப்பலில் புதிதாகச் சுத்திகரிப்பு இயந்திரம் பொருத்தியிருந்தார்கள். முதலில் வடிகட்டி, பிறகு புற ஊதா விளக்குகள். வேறு கப்பல்களில் கடல்நீரையே மின்னாற்பகுத்துக் குளோரின் உண்டாக்கிக் கிருமிகளைக் கொல்கிறார்கள். வெளியேற்றும் முன் மிச்சக் குளோரினைத் தயோசல்பேட் கலந்து முறிக்க வேண்டும். எந்த வகையானாலும், பொருத்திய பின் அது உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று உயிரியல் சோதனை நடத்துவது 2022 ஜூன் முதல் கட்டாயம். இயந்திரம் செய்தவர்களோ விற்றவர்களோ அந்தச் சோதனையைச் செய்யக் கூடாது. நல்ல விதி. ஆனால் சோதனைக்குப் பணம் கொடுப்பவர் பெரும்பாலும் கப்பல்காரர் தரப்புதான் என்பது எனக்கு உறுத்துகிறது.

இன்ஜின் ரூமின் அடித்தளத்தில் வெக்கையும் டீசல் வாடையும். வெளியேற்றும் குழாயில் மாதிரிக்கென்றே விட்டிருந்த வாயில் அவர் தன் குழாயை இணைத்தார். தண்ணீர் மானி வழியாக ஓடி, தண்ணீர்த் தொட்டிக்குள் தொங்கிய நுண்வலையில் விழுந்தது. வலையை ஏன் தண்ணீருக்குள் மூழ்கவைத்திருக்கிறார் என்று கேட்டேன். "காத்துல தொங்கவிட்டா தண்ணி அடிக்கிற வேகத்துல உசுரெல்லாம் வலையிலேயே செத்துரும். அப்புறம் மிஷினுதான் கொன்னுச்சுன்னு ரிப்போர்ட் போயிரும்" என்றார். வலையை அலசவும் நல்ல தண்ணீரைத் தொடுவதில்லை. கடல் உயிரி நன்னீரில் செத்துவிடும். அதனால் வடிகட்டிய கடல்நீரைக் கையோடு கொண்டுவந்திருந்தார். கப்பலின் சீஃப் ஆபீசர் இரண்டு தடவை வந்து நேரம் பார்த்துப் போனார். அவர் அவசரம் அவருக்கு. கப்பல் நிற்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் காசு. இவரோ மானியில் கன மீட்டர் நிறையும்வரை வால்வை விட்டு நகரவில்லை.

அவர் ஒன்றே ஒன்றைத்தான் மறுப்பார். "தொட்டிக்குள்ள இறங்கி எடுக்கச் சொன்னா மாட்டேன் அண்ணாச்சி. காத்தை அளந்து, 21 சதவீதம் ஆக்சிஜன் இருக்குன்னு பேப்பர்ல எழுதித் தந்தாத்தான் யோசிப்பேன்." மூடிக்கிடக்கும் பேலஸ்ட் தொட்டியில் இரும்பு துருப்பிடிக்கும்போது காற்றிலுள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடும். வாடையோ புகையோ எதுவும் இருக்காது. இறங்கியவர் மயங்குவார், காப்பாற்ற இறங்கியவரும் மயங்குவார். கப்பல் தொழிலில் இன்றும் இப்படி ஆட்கள் சாகிறார்கள். பசுமைச் சட்டங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள், அவற்றை நிறைவேற்றக் கீழே இறங்கும் மனிதரின் மூச்சையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

மாதிரி கைக்கு வந்த நொடியிலிருந்து ஆறு மணி நேரம்தான். அதற்குள் எண்ணி முடிக்க வேண்டும். படகு பிடித்து, கரை சேர்ந்து, வண்டியேறி ஆய்வகம் போனபோது நுண்ணோக்கி முன் ஓர் இளம்பெண் தயாராக இருந்தார். பள்ளியில் தமிழ் படித்த சிங்கப்பூர்ப் பெண். நுண்ணோக்கியில் தெரியும் உயிரி அசையாவிட்டால் செத்தது என்று விட்டுவிடுவதில்லை. நுண்ணிய ஊசியால் மெல்லத் தொட்டுப் பார்க்கிறார். துடித்தால் உயிருள்ள கணக்கில் சேர்ப்பார். என் முறைக்கு நானும் குனிந்து பார்த்தேன். கண்ணாடி போன்ற ஓர் உடல், ஊசி பட்டதும் ஒரு துள்ளு துள்ளியது. "இது ஒண்ணு, சார்" என்று எண்ணியை அமுக்கினார். பத்து மைக்ரானுக்குக் கீழ்ப்படாத சிறு பாசிகளுக்கு வேறு வழி: சாயம் ஏற்றி நீல ஒளியில் வைத்தால் உயிருள்ளவை பச்சையாக ஒளிரும்.

இயந்திரத்தின் மேல் முழு நம்பிக்கை வைக்க முடியாது என்பதை இருவரும் ஒத்துக்கொண்டார்கள். சேறு கலங்கிய துறைமுகங்களில் வடிகட்டி அடைத்துக்கொள்கிறது, கலங்கலில் புற ஊதா ஒளியும் ஊடுருவாது. அப்போது இயந்திரத்தைச் சுற்றித் தண்ணீரைத் திருப்பிவிடுகிறார்கள். இதற்கென்றே 2024இல் கடல்சார் அமைப்பு இடைக்கால வழிகாட்டி ஒன்றை வெளியிட வேண்டிவந்தது.

அந்த ஆய்வகத்தில் எனக்கு எண்ணூர்தான் நினைவில் நின்றது. தென், மத்திய அமெரிக்கக் கரைகளைச் சேர்ந்த ஒரு சிப்பி சிங்கப்பூரின் ஜொகூர் நீரிணைக் கரையில் பெருகியிருக்கிறது. அதே இனம் கேரளக் காயல்களிலும், எண்ணூரை ஒட்டிய நம் கொசஸ்தலை ஆற்றிலும் படர்ந்திருக்கிறது. எண்ணூர் மீனவர்கள் அதைக் காக்கா ஆழி என்கிறார்கள். பாய் விரித்ததுபோல் ஆற்றின் அடியை மூடி, இறால் மேயும் சேற்றையும் மஞ்சள் மட்டி வாழும் இடத்தையும் அது பறித்துக்கொண்டது. பேலஸ்ட் தண்ணீரிலோ கப்பலின் அடியில் ஒட்டியோ வந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர் கணிப்பு.

வந்ததை மட்டும் பேசுகிறோம், போவதைப் பேசுவதில்லை. ஒடிசாவின் பாரதீப்பிலிருந்து எண்ணூருக்கு நிலக்கரி கொண்டுவரும் கப்பல், இறக்கிய பின் எண்ணூர்த் தண்ணீரை ஏற்றிக்கொண்டுதான் திரும்பும். ஒரு நாட்டின் கப்பல் அந்நாட்டுக் கடலுக்குள் மட்டுமே ஓடினால், அந்நாடே வேண்டுமென்று தீர்மானித்தாலொழிய, இந்த உடன்படிக்கை அதைக் கட்டுப்படுத்தாது. காக்கா ஆழியின் குஞ்சுகளுக்கு அந்த விலக்கு திறந்த கதவு. கரையோரக் கப்பல்களையும் இந்தச் சோதனைக்குள் கொண்டுவர வேண்டும். எண்ணூரில் தண்ணீரை ஏற்றும் கப்பல், இறக்கும் கப்பல் இரண்டிலும் மாதிரி எடுக்க வேண்டும். முடிவுகளை எண்ணூர், பழவேற்காடு மீனவர் கிராமங்களில் தமிழில் எழுதி ஒட்ட வேண்டும். ஆற்றை இழந்தவர்கள் அவர்கள். அந்த எண்ணிக்கையை முதலில் பார்க்க வேண்டியவர்களும் அவர்களே.