மூன்று நிமிட மேளம்

"மணிய அடிப்பனா, தட்டச் சுத்துவனா, சுச்ச அமத்துவனா? எனக்கு எத்தன கை இருக்கு தம்பி?"

பூசாரித் தாத்தா கேட்டது நியாயம்தான். குத்துக்கல்வலசையில் மோட்டார் வைண்டிங்கும் ஸ்டார்ட்டர் பெட்டி வேலையும் பார்க்கிற என் கடைக்கு அவர் கோயில் கூப்பிடு தூரம். மேளக்காரருக்குக் கூலி கொடுத்துக் கட்டாத சின்னக் கோயில்களில் இருக்கிற மின்சார மேளம்தான் அங்கேயும். இரும்புச் சட்டத்தில் முரசு, மணி, ஜாலரா. கீழே கால் ஹெச்பி மோட்டார், ஒரு பெல்ட். சுவிட்சைப் போட்டால் ஊர் அதிரும். தீபாராதனை முடிந்து திருநீறு கொடுக்கிற வரைக்கும் அது அடித்துக்கொண்டே இருக்கும், யாராவது ஓடிப்போய் நிறுத்தினால் ஒழிய. ஒரு பட்டனை அமுக்கினால் மேளம் அடித்து, தானே நிற்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

எவ்வளவு நேரம் என்று கேட்டேன். "தீவாரன முடியுற வரைக்கும்" என்றார். மூன்று நாள் சாயங்காலம் செல்போனில் நேரம் பிடித்துப் பார்த்தேன். மூன்று நிமிடத்தை ஒட்டியே வந்தது. வெள்ளிக்கிழமை மட்டும் கூடுதல்.

இந்த மாதிரி வேலைக்குக் கை தானாக 555-ஐத் தேடும். எட்டுக் கால் கொண்ட அந்த ஐசியை ஹான்ஸ் காமென்சிண்ட் என்ற சுவிட்சர்லாந்துக்காரர் 1971-இல் அமெரிக்காவின் சிக்னெடிக்ஸ் கம்பெனிக்காக வடிவமைத்தார். 1972-இல் விற்பனைக்கு வந்தது. முதல் வடிவத்துக்கு ஒன்பது கால் தேவைப்பட்டதாம். கண்டன்சரை நிலையான மின்னோட்டத்தால் நிரப்புகிற ஏற்பாட்டை விட்டு, ஒரு சாதாரண ரெசிஸ்டர் வழியாகவே நிரப்பலாம் என்று மாற்றியதும் ஒரு கால் குறைந்தது. எனக்கு அந்த மாற்றத்தில் பிடித்தது வேறு. சப்ளையில் மூன்றில் இரண்டு பங்கு வரை கண்டன்சர் ஏறியதும் 555 நேரம் முடிந்தது என்கிறது. சப்ளை 12 வோல்ட்டாக இருந்தால் 8. 9 ஆக இறங்கினால் 6. நிரப்புகிற வேகமும் அதே பங்கில் குறைவதால் நேரம் மாறுவதில்லை. சாயங்காலம் விளக்கு மங்குகிற ஊர்க்காரனுக்கு இது பெரிய உபகாரம்.

கணக்கு ஒரே வரி: நேரம் என்பது 1.1 பெருக்கல் ரெசிஸ்டர் பெருக்கல் கண்டன்சர். 330 கிலோ ஓம், 470 மைக்ரோஃபாரட் போட்டேன். கணக்கில் 171 விநாடி. மேசையில் வைத்துப் பார்த்தபோது 178. போதும் என்று கொண்டுபோய் மாட்டினேன்.

ஆடிச் சாரலும் காற்றும் சேர்ந்த ஒரு ராத்திரி. செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்று தென்னை மட்டையைக் கம்பியில் போடாமல் இருந்தால்தான் அதிசயம். கரண்ட் போய், ரெண்டு மணிக்குத் திரும்ப வந்தது. வந்த கையோடு பூட்டிய கோயிலுக்குள் மேளம் அடித்தது. மூன்று நிமிடம், துல்லியமாக. மறுநாள் காலை டீக்கடையில் அது அம்மனின் வேலையாகிவிட்டது, நானும் மறுக்கவில்லை.

வேலை என்னுடையதுதான். 555-இன் இரண்டாம் காலைத் தரையோடு தொட்டால் அது ஓட ஆரம்பிக்கும். இரைச்சல் புகாமல் இருக்க அந்தக் காலில் ஒரு சின்னக் கண்டன்சர் வைத்திருந்தேன். கரண்ட் வந்த நொடியில் அது காலியாக இருக்கும். கால் தரையில் இருப்பது போலவே ஐசிக்குத் தெரியும். பட்டனை யாரோ அமுக்கிவிட்டார்கள் என்று நினைத்துக்கொள்ளும். நான்காம் காலை, அதாவது ரீசெட்டை, கொஞ்ச நேரம் தாமதமாக எழுப்பினால் சரியாகிவிடும். ஒரு ரெசிஸ்டர், ஒரு கண்டன்சர். போட்டேன்.

இரண்டாவது கோளாறு இதற்கு நேர் எதிர். மேளம் நிற்கவே இல்லை. மழை விட்ட ஒரு வெள்ளிக்கிழமை, கூட்டம் கலைந்து, பூசாரித் தாத்தா மெயின் ஃபியூஸைப் பிடுங்கி வைத்துவிட்டு என் கடைக்கு வந்தார். முகத்தில் கோபம் இல்லை, இரக்கம் இருந்தது. அது இன்னும் மோசம்.

மீட்டரை வைத்துப் பார்த்தேன். கண்டன்சர் ஏழு வோல்ட்டுக்கு ஏறி அங்கேயே நின்றது. எட்டுக்குப் போகவில்லை. கிராமத்தில் வளர்ந்தவனுக்கு இதை விளக்கச் சூத்திரம் வேண்டாம்: ஓட்டைக் குடம். எட்டு வோல்ட்டை நெருங்கும்போது 330 கிலோ ஓம் வழியாக உள்ளே வருவது வெறும் 12 மைக்ரோ ஆம்ப். எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சரோ இயல்பிலேயே கசியும். இந்த அளவுக்கு நூறு மைக்ரோ ஆம்ப் வரை கசிந்தாலும் குற்றமில்லை என்றுதான் பல கம்பெனிகளின் தாளில் இருக்கும். நல்ல சரக்கு அதில் சிறு பங்கே கசியும் என்பதால் நாம் பிழைக்கிறோம். நான் போட்டதோ பழைய டிவி போர்டிலிருந்து கழற்றியது. புதிது வாங்கியிருந்தால் பத்து ரூபாய்தான் ஆகியிருக்கும். அதற்கு மேல், மூன்று மாதம் வெயிலையே பார்க்காத சுவரில் ஈரம் ஏறிய போர்டு.

புதுக் கண்டன்சர் போட்டிருந்தால் அன்றைக்கு முடிந்திருக்கும். ஆனால் நீண்ட நேரத்தை ஒரு பெரிய குடத்தை மெதுவாக நிரப்பி அளப்பதே தப்பு என்று அன்றைக்குத் தோன்றியது. சின்னச் செம்பால் வேகமாக மொண்டு, எத்தனை செம்பு என்று எண்ணினால்? 4060 என்கிற ஐசி அதைத்தான் செய்கிறது. உள்ளே ஒரு துடிப்பு. அதை எண்ண 14 படிகள். 0.1 மைக்ரோஃபாரட் பாலியஸ்டர் கண்டன்சர், 100 கிலோ ஓம் என்றால் ஒரு துடிப்புக்கு 23 மில்லிவிநாடி. 8192 துடிப்பு எண்ணியதும் மூன்றாம் கால் உயரும்: 188 விநாடி. பாலியஸ்டரில் கசிவு என்று சொல்ல ஒன்றும் கிடையாது. 100-க்குப் பதில் 68 கிலோ ஓமும் அதோடு 47 கிலோ ஓம் பிரீசெட்டும் வைத்தால், ரெண்டு நிமிடத்திலிருந்து மூன்றரை நிமிடம் வரை திருப்பிக்கொள்ளலாம்.

4060-க்கு ஒரு குணம் உண்டு. கரண்ட் வந்ததும் தானாக எண்ண ஆரம்பிக்கும், அதாவது ராத்திரி ரெண்டு மணி மேளம் திரும்ப வரும். அதற்குச் செய்த ஏற்பாடுதான் இந்த வேலையில் எனக்குத் திருப்தியானது. சர்க்யூட்டுக்கு நிரந்தர சப்ளையே கொடுக்கவில்லை. பட்டன்தான் கரண்டை உள்ளே விடுகிறது. விட்டதும் ரிலே இழுத்து, பட்டனுக்குக் குறுக்கே தன் காண்டாக்டை வைத்துப் பிடித்துக்கொள்கிறது. நேரம் முடிந்ததும் ரிலே விடுகிறது. தன் சப்ளையையும் தானே அறுத்துக்கொள்கிறது. நடுவில் கரண்ட் போனால் விட்டது விட்டதுதான், திரும்ப வந்தாலும் எழாது. மேளம் அடிக்காத நேரத்தில் அந்தப் பெட்டிக்குள் உயிரே இல்லை.

தோட்டத்துக் கிணற்று மோட்டாருக்கு நான் கட்டுகிற பெட்டி இதற்குத் தலைகீழ். த்ரீ பேஸ் எந்நேரம் வந்தாலும் அது தானே ஓடியாக வேண்டும். ஆனால் வந்த நொடியில் ஓடக்கூடாது. வோல்ட்டேஜ் நிலைக்கட்டும் என்று கொஞ்சம் காத்திருக்கணும். ஒரே டிரான்ஸ்பார்மரில் எல்லாரும் ஒரே நேரத்தை வைத்தால் எல்லா மோட்டாரும் ஒன்றாக எழுந்து வோல்ட்டேஜைக் கீழே இழுக்கும். பக்கத்து வயல்காரரை விடப் பத்து விநாடி தள்ளி வை என்றால் சிலர் ஒப்புவதில்லை. தண்ணீர் தனக்குத்தான் முதலில் வர வேண்டும்.

ரிலே பற்றி ஒன்று. மேலே 10 ஆம்ப் என்று போட்டிருப்பது ஹீட்டர் மாதிரிச் சுமைக்கு. கால் ஹெச்பி மோட்டார் ஓடும்போது ரெண்டு ஆம்ப் சுற்றித்தான் எடுக்கும், கிளம்பும்போது அதைப்போல ஐந்தாறு மடங்கு. நம்பிப் போட்டால் காண்டாக்ட் ஒட்டிக்கொள்ளும். எந்த ஐசி நிற்கச் சொன்னாலும் மேளம் கேட்காது. அதனால் ரிலே இழுப்பது ஒரு சின்ன காண்டாக்டரை மட்டும். காண்டாக்டர் காயிலுக்குக் குறுக்கே 100 ஓமும் 0.1 மைக்ரோஃபாரடும், ரிலே காயிலில் ஒரு 4007 டையோடு. இதை விட்டுவிட்டு எண்ணுகிற ஐசியைத் திட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கோயில் கொடைத் திருவிழாவுக்கு மூன்று நிமிடம் எந்த மூலைக்கு? அதற்கு ஒரு நேரடி சுவிட்ச், சிவப்பு மூடி போட்டு.

போன மாதம் தாத்தா திரும்ப வந்தார். "பத்து விநாடி கொறச்சுரு தம்பி. இப்ப உள்ள கற்பூரம் முன்ன மாதிரி நிக்க மாட்டேங்கு. அணஞ்ச பெறகும் மேளம் அடிச்சிட்டுக் கெடக்கு." ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பிரீசெட்டில் கொஞ்சம் போலத்தான் திருப்ப வேண்டியிருந்தது.