குஞ்சுப் பருவத்துக் கொத்தும் இழப்பும்

அடைக்கு வைத்த கோழிமுட்டை 21 நாளில் பொரிக்கும். விராலிமலை வட்டத்து ஆவூர் போன்ற வானம் பார்த்த ஊர்களில் ஒரு கோழி பத்துப் பன்னிரண்டு குஞ்சுகளோடு இறங்கினாலும், அத்தனையும் தேறுவது அரிது. கோழிக்காசு பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் கைக்காசு. ஒவ்வொரு குஞ்சின் சாவும் அவர்களுக்கே முதலில் வலிக்கிறது.

தன் குஞ்சுகளைச் சிறகுக்குள் அணைக்கும் தாய்க்கோழி, அயல் குஞ்சு கிட்டே வந்தால் மண்டையிலேயே கொத்தும். இதைக் கொடுமை என்று சொல்வது நியாயமில்லை. நாயையும் பருந்தையும் எதிர்த்துப் பாயவைக்கும் அதே வேகம்தான் இது. ஆகவே இரண்டு தாய்களை ஒரே பஞ்சாரத்தில் அடைக்கக் கூடாது. தாயை இழந்த குஞ்சை வேறு தாயிடம் சேர்க்க வேண்டுமானால், அதன் குஞ்சுகளும் பொரித்து ஓரிரு நாளே ஆனவையாக இருப்பது நல்லது. இருட்டில் மெல்லச் சிறகடியில் நுழைத்துவிட்டால் பல கோழிகள் ஏற்றுக்கொள்ளும்.

தாயின்றிப் பல்புச் சூட்டில் வளரும் குஞ்சுகளுக்கு முதல் வாரம் 35 டிகிரி செல்சியஸ் வெப்பம் தேவை. பிறகு வாரத்துக்கு ஏறக்குறைய மூன்று டிகிரி குறைக்கலாம். இங்கே குஞ்சுகளே ஒன்றையொன்று கொத்துகின்றன. விரல், வால், ஆசனவாய் என்று தொடங்கும் கொத்தில் ரத்தம் கண்டுவிட்டால் மற்றவையும் மொய்த்துக்கொள்ளும். இட நெருக்கடி, வெக்கை, அணையாத பளீர் வெளிச்சம், தீனியில் புரதமும் உப்பும் குறைவது ஆகியவை முக்கியக் காரணங்கள். அலகை வெட்டுவதற்கு முன் இவற்றைச் சரிசெய்வதே முறை. காயம்பட்டதைத் தனியே விட்டு, வேப்பெண்ணெயில் மஞ்சள் குழைத்துப் பூசலாம். கீரைக்கட்டைத் தொங்கவிட்டால் அலகுக்கு வேலை கிடைக்கும். புரதத்துக்குக் கறையானைவிட மலிவான தீனி கிராமத்தில் இல்லை: பழைய பானைக்குள் கிழிந்த சாக்கும் காய்ந்த சாணமும் திணித்து, நீர் தெளித்து, புற்றருகே மாலையில் கவிழ்த்தால் மறுநாள் காலையில் கறையான் சேர்ந்திருக்கும்.

எல்லாக் கொத்தையும் தடுக்கவும் வேண்டியதில்லை. சிறுவயது முதல் கோழிகளைக் கவனித்துவந்த நார்வேக்காரர் தோர்லெய்ப் ஷெல்டரப்-எப்பே, கூட்டத்தில் யார் யாரைக் கொத்தலாம் என்ற வரிசை உண்டென்று 1920களின் தொடக்கத்தில் எழுதினார். வளரும் குஞ்சுகளின் சில்லறைச் சண்டை அந்த வரிசையை நிலைப்படுத்துகிறது. ரத்தம் வந்தால் மட்டும் தலையிட்டால் போதும்.

இழப்பில் காக்கை, வைரி, கீரி, பாம்பு கொண்டுபோவது ஒரு பங்கு. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் விறைத்துச் சாவது ஒரு பங்கு. இவற்றுக்கு வலையும் உலர்ந்த தரையும் போதும். கூட்டத்தையே துடைத்துவிடுவது வெள்ளைக் கழிச்சல். குமாவுன் மலையூரான ராணிக்கேத்தின் பெயரால் அறியப்படும் இந்த நோய் கண்டபின் அதைக் குணப்படுத்தும் மருந்து இல்லை. முதல் வாரத்திலேயே லசோட்டா சொட்டு மருந்தைக் கண்ணிலோ மூக்கிலோ விடுவதுதான் காப்பு. இறந்த குஞ்சைக் குப்பைமேட்டில் எறிந்தால் காக்கையும் நாயும் நோயைத் தெருவெங்கும் கொண்டுசெல்லும். ஆழக் குழிதோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைக்க வேண்டும். வளர்த்த பிள்ளைகள் அழுதால் அதட்டாமல், புதைக்கும்போது உடன் நிற்கவிடுவது நல்லது.

ஒன்றரை, இரண்டு மாதத்தில் தாய் தன் குஞ்சுகளையே கொத்தி விரட்டும். அடுத்த முட்டைப் பருவத்துக்கு அது ஆயத்தமாகிவிட்டது என்று பொருள். எட்டாவது வாரத்தில் கழிச்சலுக்கான அடுத்த தடுப்பூசியை இறக்கையடியில் போட்டுவிட்டால், குஞ்சுப் பருவத்துக் காவல் முடிகிறது.